பிரக்கிராசியாரின் வெள்ளிப் பதக்கம்

நீர்வேலிக்கு வடக்கே, பெருந்தெருவிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கைகளுக்குள் இருக்கும் ஒரு சிற்றூரில், கனகசபாபதி வீட்டு முன்விறாந்தையில், 2016ஆம் ஆண்டு பட்டிப்பொங்கல் அன்று முதல், ஒருவருடைய தலை இன்னொருவருடைய தலையைவிட உயரமாக நிற்க முடியாமல் போய்விட்டது. கதிரையில் இருப்பவரின் உச்சி எந்த உயரத்தில் நிற்கிறதோ, நிலத்தில் குந்தியிருப்பவரும் குந்தியிருந்தபடியே மேலே கிளம்பி அந்த உயரத்துக்கு வந்து சேர்ந்தார். வீட்டுக்காரர் எழுந்து நின்றால் வந்தவர் காற்றில் இன்னும் கொஞ்சம் ஏறினார். படலையைத் தாண்டி ஒழுங்கையில் கால் வைத்ததும் எல்லாரும் அவரவர் உயரத்துக்குத் திரும்பினார்கள். அந்தக் கிழமை சின்ன வெங்காயத்தின் விலை விழுந்திருந்தது. ஊரில் அதைப் பற்றித்தான் கூடுதலாகக் கதைத்தார்கள்.

முதலில் கிளம்பியவர் பொன்னம்பலம். கனகசபாபதியின் பனங்காணி ஓரத்தில் கொஞ்சச் சனம் குடியிருக்கிறது, அந்த இடத்துக்குப் பனையடி என்று பெயர். பொன்னம்பலம் அங்கே மூத்தவர். அவருடைய தகப்பனும் பாட்டனும் பெரிய வீட்டுப் படிக்குக் கீழே குந்தியிருந்துதான் சொன்ன வேலையைக் கேட்டுப் போனார்கள், அவரும் அப்படியே வந்து குந்தினார். பனையடிச் சனம் என்ன சாதி என்று இங்கே எழுதவில்லை. யாழ்ப்பாணத்தார் சொல்லாமலே அறிந்துகொள்வார்கள், மற்றவர்களுக்கு அறிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. மாட்டுக் கொட்டிலுக்குக் கூரை வேய்வதைப் பற்றிக் கனகசபாபதி கதிரையில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தபோது பொன்னம்பலத்தின் குதிக்கால் நிலத்தை விட்டது.

“இறங்கடா,” என்றார் கனகசபாபதி.

“இறங்கேலாமக் கிடக்கு நயினார். நான் எழும்பேல்லை, உது தன்பாட்டிலை எழும்புது.”

பொன்னம்பலம் பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கொட்டில் வேலை முழுவதையும் ஆகாயத்தில் குந்தியபடி கேட்டு முடித்து, படலைவரை மிதந்துபோய் அங்கே இறங்கினார். யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா சிவகௌரி இது கண்ணூறு என்று முடிவுசெய்து உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் நன்றாக வெடித்தது. மறுநாள் பால்காரனும் கிளம்பினான்.

காரணம் விறாந்தைச் சுவரில் தொங்கியது. கனகசபாபதியின் பாட்டனார் பிரக்கிராசியார் அம்பலவாணர், வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாண நகரத்து நீதிமன்றங்களில் பேர் எடுத்த சட்டக்காரர். பிறீமேசன் என்று சொல்லப்பட்ட இரகசியச் சகோதர சங்கம் ஒன்றில் அவரும் அங்கத்தவர். லொட்ஜ் என்ற சங்க மண்டபத்தின் முகப்பில் ஒரு பெரிய கண் வரைந்திருந்தபடியால் நகரத்தார் அதைக் கண்வீடு என்றார்கள். கண்வீட்டுக்குள் நீதவானும் எழுதுவினைஞரும் பறங்கித் துரையும் ஒரே வாங்கில் இருந்து ஒருவரையொருவர் சகோதரர் என்று கூப்பிட்டார்கள். பிரக்கிராசியாரும் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு வீடு திரும்பி, கிணற்றடியில் தலைமுழுகி, அதன்பிறகுதான் உள்ளே வந்தார். பொன்னம்பலத்தின் பாட்டன் ஒருமுறை சால்வையைத் தோளில் போட்டபடி படலைக்குள் வந்ததற்காக, அந்தச் சால்வையை அவன் கையாலேயே கொளுத்துவித்தவரும் அவர்தான். படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன்கோவில் என்று சும்மாவா சொன்னார்கள்.

சங்கத்துக்கு நூறு வயதானபோது அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளிப் பதக்கம் அடித்துக் கொடுத்தார்கள். நீலப் பட்டு நாடாவில் தொங்குவது, உள்ளங்கை அகலம். முன்பக்கத்தில் இரண்டு தூண்கள், அவற்றுக்கு நடுவில் விரித்த கவராயமும் கட்டடக்காரரின் மூலைமட்டமும், மேலே கதிர் விடும் ஒற்றைக் கண், கீழே சாந்துக் கரண்டி. பின்பக்கத்தில் மட்டம் பார்க்கும் மரச்சட்டம், அதன் நடுவில் நூலில் தொங்கும் குண்டு. பிரக்கிராசியார் அதைக் குத்திக்கொண்டு ஒரு படம் பிடித்தார். அவர் செத்தபிறகு அவருடைய மனைவி பதக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பயந்துபோனார். அதில் இருந்தவை எல்லாம் சுவர் கட்டுகிறவன் கையில் இருக்கும் சாமான்கள். கலியாணம் பேசவேண்டிய பெண்பிள்ளைகள் மூன்று பேர் வீட்டில் இருந்தார்கள். பாட்டன் முப்பாட்டன் கல் வைத்துச் சாந்து பூசிய பரம்பரை என்று யாரும் ஒரு கதை கட்டிவிட்டால் பெண்கள் வீட்டோடுதான். அந்த அம்மா பதக்கத்தைக் கறுத்தக் கோட்டின் பைக்குள் போட்டு, கோட்டை றங்குப்பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினார். படத்திலும் நெஞ்சுப் பக்கத்தை மைபூசி மறைத்தார். எண்பதாண்டுக்குக் கிட்ட அந்தப் பெட்டி திறபடவில்லை. 95இல் யுத்தத்தால் ஊரே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு ஓடியபோது பெட்டியைத் தலையில் சுமந்தது பொன்னம்பலம். திரும்பிச் சுமந்து வந்ததும் அவர்தான்.

பெட்டியைத் திறக்கவைத்தது கனகசபாபதியின் மகள் கோபிகாவின் கலியாணப் பேச்சு. மாப்பிள்ளையின் தகப்பன் இலண்டனில் டொக்டர், அங்கே அதே சங்கத்தில் பெரிய பதவிக்காரர் என்று தெரியவந்தது. ரொறன்ரோவில் இருக்கும் மகன் மயூரதன் தொலைபேசியில் தகப்பனைப் பேசினான்: “அப்பா, கொப்பாட்டன்ரை மெடலைப் பெட்டிக்குள்ளை வைச்சு உக்கவிடுறியளோ? அதைத் தூக்கி முன்னுக்குக் கொழுவுங்கோ. அங்கை உதுக்கு எவ்வளவு மதிப்புத் தெரியுமோ?” எண்பதாண்டுகள் குடும்பத்தின் மானத்தைக் கெடுக்கும் என்று ஒளித்து வைத்ததை, குடும்பத்தின் மானத்தைக் காட்டுவதற்காகவே பட்டிப்பொங்கல் அன்று விபூதி போட்டு மினுக்கி, படத்துக்குக் கீழே கொழுவினார்கள். மை பூசின இடமும் துடைபட்டது. அன்றைக்கே பொன்னம்பலம் கிளம்பினார்.

இந்தக் கதையில் உண்மையான நட்டம் ஒருத்திக்குத்தான், அவள் பொன்னம்பலத்தின் மகள் குணலட்சுமி. பனையடி முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். பனையடிக் கிணறு உவர். வைகாசி பிறந்தால் தேத்தண்ணியில் போட்ட பால் திரையும். கனகசபாபதியின் வாழைத்தோட்டத்து ஓரத்தில், ஒழுங்கைக்குப் பக்கமாக, கோடையிலும் வற்றாத நல்லதண்ணிக் கிணறு ஒன்று இருந்தது. அதிலிருந்து பனையடிக்குக் குழாய் இழுத்துத் தரப் பிரதேச சபை ஆயத்தமாக இருந்தது; காணிக்காரர் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த ஒரு சொல்லுக்காகக் குணலட்சுமி வருடக்கணக்காக நடந்தாள். மற்ற நேரத்தில் சைக்கிளில் இரண்டு பக்கமும் தண்ணிக் கான் கட்டிக்கொண்டு, தன் பிள்ளையைப் பாரில் இருத்தி, கோவிலடிக் குழாய்க்குப் போய் வந்தாள். கனகசபாபதி ஒருபோதும் இல்லை என்று சொன்னதில்லை. “யோசிப்பம் பிள்ளை,” என்பார். எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர் யோசிப்பம் என்றால் அதோடு அந்தக் கதை முடிந்தது.

பட்டிப்பொங்கலுக்குப் பின் அவள் போனபோது அவளும் கிளம்பினாள். தகப்பனைப்போலக் கண்ணை மூடவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கனகசபாபதியின் முகத்துக்கு நேரே நின்று தண்ணீரைக் கேட்டாள். கனகசபாபதிக்கு அது பெரிய சங்கடமாக இருந்தது. இத்தனை வருடமும் அவர் கீழே நிற்கிறவர்களின் தலைக்கு மேலால், எதிரே நிற்கும் கறுத்தக்கொழும்பான் மாமரத்தைப் பார்த்தபடியே யோசிப்பம் சொல்லிப் பழகியவர். இப்போது மாமரத்தை ஒரு முகம் மறைத்தது. அந்த முகத்தில் தூக்கமில்லாத கண்கள் இருந்தன. அவர் கொஞ்சநேரம் அந்தக் கண்களைப் பார்த்தார், பிறகு “யோசிப்பம் பிள்ளை” என்றார். பதக்கத்தால் தலையைத்தான் தூக்க முடிந்தது.

அதன்பின் அவர் தன்னால் ஆன மட்டும் போராடினார். பாட்டனாரின் உயர்ந்த கதிரையைத் தூக்கிவந்து போட்டார், வந்தவர்களும் உயர்ந்தார்கள். கதிரையை மேசைமேல் ஏற்றினார். பொன்னம்பலம் மின்விசிறியில் அடிபடப் பார்த்தார். தச்சனைப் பிடித்து மேடை அடிப்பித்து அதில் ஏறி இருந்த அன்று, அவரும் கூலி கேட்க வந்த மூன்று பேரும் முகட்டு வளையில் தலை முட்ட, சிலந்தி வலைக்கு நடுவில் வெங்காயம் கிண்டுவதைப் பற்றிக் கதைத்து முடித்தார்கள். கடைசியில் பனையடியாரைப் படலைக்கு வெளியே நிறுத்தி வைத்துக் கூப்பிட்டுக் கதைக்கத் தொடங்கினார். கூப்பிட்டுக் கதைத்ததால் அந்த வீட்டுச் சங்கதி எல்லாம் ஊருக்கே கேட்டது. சிவகௌரி அதையும் நிற்பாட்டினார்.

கிறிஸ்ரோபர் மாஸ்ரர் வந்தபிறகுதான் பதக்கத்தின் வேலை இது என்று விளங்கியது. நகரத்தில் இருக்கும் மாஸ்ரர் பழைய காசும் பதக்கமும் சேர்க்கிறவர். பிரக்கிராசியாரின் பதக்கம் வெளியே வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு மோட்டார் சைக்கிளில் ஓடிவந்தார். கனகசபாபதிக்குச் சரியான உயரத்தில் மிதந்துகொண்டே, உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார். அன்றைக்கும் தண்ணீர் கேட்க வந்த குணலட்சுமி பக்கத்தில் மிதந்தபடி நின்றாள்.

“இந்தக் கண் கடவுளின்ரை. எல்லாத்தையும் பாக்குதாம். கவராயம், ஆசைக்கு ஒரு வட்டம் போட்டு வைக்கிறதுக்கு. மூலைமட்டம், நடத்தை கோணாமல் இருக்கிறதுக்கு. பின்பக்கம் இருக்குதே மட்டச்சட்டம், அதுதான் முக்கியம். உள்ளுக்கை வந்த ஆரும் ஆருக்கும் மேலையுமில்லை, கீழையுமில்லை எண்டு கருத்து.”

“அப்ப உதைப் போட்டுக்கொண்டு திரிஞ்ச பெரியவர், படலைக்குள்ளை வரேக்கை கழட்டிப்போட்டோ வந்தவர், மாஸ்ரர்?” என்று குணலட்சுமி கேட்டாள்.

கனகசபாபதி மாமரத்தைத் தேடினார். இது வெறும் அடையாளம், அச்சில் அடித்த படம், இதற்கு இப்படி வேலை செய்யும் குணம் ஒருக்காலும் இருந்ததில்லை, சங்கத்துப் புத்தகங்களிலும் அப்படி ஒன்றும் இல்லை என்று மாஸ்ரர் சொன்னார். பதக்கத்தைத் தனக்குத் தரும்படியும் கேட்டுப் பார்த்தார். குடும்பச் சொத்துக் கைமாறாது என்று கனகசபாபதி சொல்லிவிட்டார். கலியாணம் முடியும்வரைக்காவது அது சுவரில் தொங்கத்தான் வேண்டியிருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் பங்குனியில் வந்தார்கள். விறாந்தையில் எல்லாருக்கும் ஒரே உயரக் கதிரை போட்டு, வீட்டில் உள்ளவர்களும் அதே கதிரையில் இருந்து, யாரும் யாருக்கும் கிளம்பாதபடி சிவகௌரி கெட்டித்தனமாக ஒழுங்கு செய்திருந்தார். டொக்டர் பதக்கத்தைக் கண்டதும் இருந்தபடியே நெஞ்சில் கைவைத்து, பக்கத்தில் இருந்த கனகசபாபதியின் கையைப் பிடித்து, சங்கத்தாரின் இரகசிய முறையில் குலுக்கினார். அவர் பயத்தம்பணியாரத்தைக் கடித்த நேரம் பார்த்து, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அவர்கள் பிடித்து வந்த வான் வண்டியின் சாரதி கஜீபன், வண்டிக்குள் மறந்துபோன பழக்கூடையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்தான். அவன் பொன்னம்பலத்தின் தமக்கை மகன், நல்ல உயரமான பெடியன். நின்றுகொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான். ஆகவே பட்டுச்சேலையும் வேட்டியுமாக இருந்த அத்தனை பேரும் கதிரைகளை விட்டுக் கிளம்பி, தேத்தண்ணிக் கோப்பைகளோடு கஜீபனின் தலை உயரத்துக்குப் போய் நின்றார்கள். மாப்பிள்ளையின் தாய், “ஆரிந்தப் பெடியன்?” என்று கேட்டார். சிவகௌரி பொய் சொல்லத் தெரியாதவர். கோபிகா சிரித்தாள், அவளுக்கு அடக்க முடியவில்லை.

டொக்டர் இறங்கியதும் சால்வையைச் சரிசெய்துகொண்டு கனகசபாபதியைத் தனியாகக் கூப்பிட்டு, மெல்லிய குரலில் சொன்னார்: “லொட்ஜுக்குள்ளை உது சரி, மிஸ்டர் கனகசபாபதி. அங்கை கதவைப் பூட்டிப்போட்டெல்லோ செய்யிறது. வீட்டிலை என்னண்டு?” அத்தோடு கலியாணம் குழம்பியது. கோபிகா கவலைப்பட்டதாகத் தெரியவில்லை; அடுத்த வருடம் படிக்கவென்று கொழும்புக்குப் போனவள் அங்கேயே வேலையும் எடுத்துவிட்டாள்.

பதக்கத்தைக் கழற்றி மறுபடி கோட்டுப் பைக்குள் வைத்துப் பார்த்தார்கள். கண் ஒருமுறை வெளிச்சம் கண்டுவிட்டது, அதன்பிறகு அடங்கவில்லை. பெட்டி இருந்த அறையிலும் ஆட்கள் கிளம்பினார்கள். குணலட்சுமி இதைக் கேள்விப்பட்டு, “உங்களுக்கு வேண்டாமெண்டா எங்களுக்குத் தாங்கோ ஐயா, முன்பள்ளியிலை கொழுவுவம், பிள்ளையள் கரும்பலகையை எட்டிப் பிடிக்குங்கள்,” என்று கேட்டாள். அவர் யோசிப்பம் என்றார். அன்று பின்னேரமே வாழைத்தோட்டத்துக்குப் போய், நல்லதண்ணிக் கிணற்றுக்குள் பதக்கத்தை விட்டெறிந்தார். அது ஆழமான கிணறு, ஒருவருக்கும் எட்டாது என்று நினைத்தார்.

விடிந்தபோது ஊரில் எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றது. ஒரே உருசியாகவும் இருந்தது. கோவில் கிணறு, பள்ளிக்கூடத்துக் கிணறு, சங்கக்கடைப் பின்வளவில் குப்பை கொட்டி மூடிவைத்திருந்த பாழ்கிணறு, பனையடி உவர்க்கிணறு எல்லாவற்றிலும் வாழைத்தோட்டத்துத் தண்ணீர். குணலட்சுமி ஒரு வாளி அள்ளிக் கொஞ்சம் வாயில் விட்டு, அப்படியே கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டாள். அவளுடைய அழுகையைக் கேட்டு ஆரோ செத்துப்போனார்கள் என்று சனம் ஓடிவந்தது. அந்தக் கோடையில் குடாநாடு முழுவதும் வறண்டு, ஆடுகள் பனங்கொட்டை சூப்பிக்கொண்டு திரிந்தன. இந்த ஊரில் மட்டும் கிணறுகள் ஒரு விரற்கடை இறங்கவில்லை. பனையடியில் முதன்முதலாகக் கத்தரிக்கன்று வைத்தார்கள். பிள்ளைகள் ஒரு நாளில் இரண்டுமுறை குளித்தார்கள். குணலட்சுமி சைக்கிளிலிருந்து கான் கட்டும் கயிற்றை அவிழ்த்து உடுப்புக் காயப்போடக் கொடி கட்டினாள்.

கனகசபாபதிக்கு இதில் ஒரு நட்டமும் இல்லை. அவருடைய கிணறு முதல்நாள் ஒரு சாண் இறங்கியது, அவ்வளவுதான். வாழைக்குப் போதுமான தண்ணீர் எப்போதும்போல நின்றது. ஆனால் படலையடியில் ஆள் இல்லை. காலையில் கதிரையில் வந்து இருந்தால் மத்தியானம்வரை ஒழுங்கையில் காகம்தான் நடந்தது. யோசிப்பம் என்ற சொல்லை வாங்க ஒருவரும் இல்லாமல் அது அவர் வாய்க்குள்ளேயே கிடந்தது. மனிதர் மெலிந்தார். “என்ரை கிணத்துத் தண்ணியை என்னட்டைக் கேளாமல் குடிக்கினம்,” என்று சாப்பிடும்போதும் சொன்னார், சாமி கும்பிடும்போதும் சொன்னார். பதக்கத்தை வெளியே எடுத்துவிடப் போகிறார் என்ற கதை ஐப்பசிக்கு முன்னமே பனையடிக்கு எட்டியது.

குணலட்சுமி உடனே வந்தாள். இப்போது விறாந்தையில் யாரும் கிளம்புவதில்லை. அவள் படிக்குக் கீழே நின்றாள், அவர் கதிரையில் இருந்தார், மாமரம் நன்றாகத் தெரிந்தது.

“ஐயா, அது கிடக்கிற இடத்திலை கிடக்கட்டும். உங்களுக்கு ஒரு குறையும் வரேல்லைத்தானே. இனி எங்கடை ஆக்கள் ஒருத்தரும் உங்களிட்டை ஒண்டும் கேட்டு வரமாட்டினம். அது சத்தியம்.”

பாவம், அவள் அதை ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். இனி ஒருவரும் கேட்டு வரமாட்டார்கள் என்பதைத் தவிர வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அந்த மனிதர் இரங்கியிருக்கக்கூடும். “யோசிப்பம் பிள்ளை,” என்றார். மறுநாட் காலையில் நாலு இறைப்பு இயந்திரம் கிணற்றடிக்கு வந்தது.

ஒரு கிணற்றை இறைக்க ஊர்க் கிணறு அத்தனையும் சேர்ந்து இறங்கின. ஒழுங்கை எல்லாம் வெள்ளம். கடைசியில் சேற்றுக்குள் இறங்கித் தடவிப் பதக்கத்தை எடுத்து வந்தவன் கோபிசங்கர், குணலட்சுமியின் தம்பி. கிணறு தூர்வாருவது அவன் தொழில். தமக்கை வழியில் மறித்தாள்.

“நான் இறங்காட்டி இன்னொருத்தன் இறங்கியிருப்பான் அக்கா.”

“ஓம். இன்னொருத்தனெண்டா எனக்கு இவ்வளவு நொந்திருக்காது.”

அவள் அவனோடு ஒரு வருடம் கதைக்கவில்லை. பனையடிக் கிணறு அன்றிரவே உவராகிவிட்டது. கத்தரி பூவோடு கருகியது.

எடுத்த பதக்கத்தை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. வீட்டில் வைத்தால் ஆட்கள் கிளம்புவார்கள், கிணற்றில் போட்டால் தண்ணீர் பரவும். கோவிலுக்குக் கொடுத்துவிடலாம் என்று சிவகௌரி சொன்னார். கோவில் சபையார் கூடிப் பேசி, சாமியே பீடத்தை விட்டு இறங்கி வெளிவீதியில் நிற்கிறவனுக்குச் சரியாக வந்து நின்றால் ஆர் பொறுப்பு என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கிறிஸ்ரோபர் மாஸ்ரர் மறுபடி ஒருமுறை கேட்டுப் பார்த்தார். கடைசியில் கனகசபாபதி குருநகர்க் கடற்கரைக்குக் கார் பிடித்துப் போய், யாகப்பு என்ற கடற்றொழிலாளியின் வள்ளத்தில் ஏறி, கரை மறையும்வரை போகச் சொன்னார். யாகப்பு பதக்கத்தைக் கையில் வாங்கிப் பாரம் பார்த்தார்.

“வெள்ளி ஐயா. எறியத்தான் போறியளோ?”

“ஓம்.”

“ஆருக்கும் குடுத்தாலென்ன?”

“ஆருக்கும் குடுக்கிறதுக்கில்லை,” என்று சொல்லி வாங்கி எறிந்தார். கடலில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அது முன்னமே சமமாகத்தான் கிடந்தது. கனகசபாபதி அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார் என்றும், வெகுநாளைக்குப் பிறகு வெற்றிலை போட்டார் என்றும் சிவகௌரி பின்னர் சொன்னார்.

அடுத்த கிழமை ஊர்க் கிணறுகள் கடலோடு சமமாகின. முதலில் தேத்தண்ணி கரித்தது, பிறகு சோறு கரித்தது, பிறகு வாழை இலைகள் ஓரத்திலிருந்து எரியத் தொடங்கி மாசிக்கு முன்னமே தோட்டம் முழுவதும் படுத்துவிட்டது. நல்லதண்ணிக் கிணறும் பனையடிக் கிணறும் ஒரே உப்பு. தனக்கு மூக்கறுந்தாலும் எதிரிக்குச் சகுனப்பிழை ஆகவேண்டும் என்பார்கள். இங்கே ஊருக்கே மூக்குப் போனது. பதக்கத்தைத் தேடி யாகப்பு திரும்பத் திரும்பச் சுழியோடிப் பார்த்தார், அகப்படவில்லை. சனம் மெல்லப் பழகிக்கொண்டது. கிணறுகளில் இப்போது காலையும் மாலையும் கடலைப்போல வற்றும் பெருக்கும் உண்டு. காற்று நாளில் கிணற்றுக்கட்டில் அலை மோதும் சத்தம் கேட்கும். முட்டைகூடச் சேர்க்காத கனகசபாபதி வீட்டுக் கிணற்றில் ஒரா என்ற கடல்மீன் கூட்டம் திரிகிறது. சிவகௌரி பூசைக்கு முன் அந்தப் பக்கம் பார்க்கமாட்டார். வெளியூரிலிருந்து வந்தவர்கள் அதிசயம் என்று படம் பிடித்துப் போவார்கள். ஊரார் அதை ஒரு பொருட்டாக எடுப்பதில்லை.

குடிக்கிற தண்ணீர் செவ்வாயும் வெள்ளியும் பவுசர் என்ற தண்ணீர் லொறியில் வருகிறது. கோவிலடியில் நிற்கும். பவுசருக்குப் பின்னால் இரண்டு குழாய். முதல்நாளே, ஒருவரும் சொல்லாமல், இரண்டு வரிசை நின்றது. ஒரு பக்கம் பனையடியார், நீளமான வரிசை. மற்றப் பக்கம் மிச்ச ஊர். பவுசர் ஓட்டுகிற ஜெறோம் வெளியூர்ப் பெடியன், நாலு நடை பார்த்துவிட்டுப் பொறுக்கமாட்டாமல் ஒரு செவ்வாய்க்கிழமை குணலட்சுமியைக் கூப்பிட்டான்: “அக்கா, இஞ்சாலை ஆக்கள் குறைவு. இஞ்சாலை வாங்கோவன், நேரம் போகுது.” அவள் வந்தாள். சிவகௌரிக்குப் பின்னால் தன் கானை வைத்தாள். சிவகௌரி தன்னுடைய கானை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார். அவருக்கு முன்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். குணலட்சுமி வெறுமையாக ஓடிக்கொண்டிருந்த குழாயடிக்கு நடந்துபோய்க் கானை நிரப்பி, மூடியை இறுக்கிச் சைக்கிளில் கட்டினாள்.

அவள் போனபிறகும் ஒதுங்கினவர்கள் வரிசைக்குத் திரும்பவில்லை. பொல்லூன்றிக்கொண்டு நின்ற கனகசபாபதி, “குழாயைக் கழுவிப்போட்டுத் திறவும் தம்பி,” என்றார். ஜெறோம் மாட்டன் என்றான். ஆரோ ஓடிப்போய்க் கோவில் கிணற்றில் ஒரு வாளி அள்ளி வந்தார்கள். அது சரிவராது என்றார் கோவில் சபைத் தலைவர். கிணற்றுத் தண்ணீர் இப்போது எல்லாக் கிணறோடும் கலந்த தண்ணீர், பனையடிக் கிணறும் அதற்குள் அடக்கம், அதால் கழுவி என்ன பிரயோசனம்? ஆகவே பவுசரிலிருந்தே ஒரு வாளி நல்ல தண்ணீர் பிடித்து, குழாயின் வாயைத் தேய்த்துக் கழுவி மண்ணில் ஊற்றினார்கள். அன்றைக்குத் தண்ணீர் முடிந்தபோது இரண்டு வரிசையிலும் கடைசி வீடுகளுக்குக் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பவுசர் மறுபடி வந்தது. குணலட்சுமி மிச்ச ஊர் நிற்கிற பக்கத்து வரிசையில் முதல் ஆளாக நின்றாள். குழாய் கழுவுவதற்கென்று அந்தப் பக்கத்தார் ஒரு வாளி தனியாகக் கொண்டுவந்திருந்தார்கள்.